சீஃப் கெஸ்ட்டுக்குச் சிவப்பு அட்டை

நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். கால்பந்து ரெஃப்ரி தேர்விலும் தேறியவள். நன்றாகவே தேறியவள், இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் என்றால் விசிலோடு வரச் சொல்லி முதல் ஆளாக எனக்குத்தான் போன் வரும். ஆண்கள் லீக் என்றால் மட்டும், "பாக்கலாம் டீச்சர்." நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

போன வருஷம் லீக் தொடங்கும் முன்பு லீக் கணக்கில் சேராத ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். திருவண்ணாமலை டீமுக்கும் கீழ்பென்னாத்தூர் டீமுக்கும். கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "இத மட்டும் பிரச்சன இல்லாம முடிச்சுக் குடுங்க டீச்சர். லீக்ல உங்களையே போட்டுடறேன்" என்றார்.

சீஃப் கெஸ்ட் யார் என்று கேட்டேன். "நம்ம செங்கம் ரோட்டு ஸ்காட்லாந்துக்காரருதான். பத்து நிமிஷம் நம்ம டீம்ல ஆடுறேன்னு சொல்லியிருக்காரு."

அவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். தாடி வைத்த வெள்ளைக்காரர் என்பதால் பார்ப்பவர்கள் எல்லாம் அவரிடம் தியானத்தைப் பற்றிக் கேட்பார்கள். நான் பந்தைப் பற்றிக் கேட்டேன். அன்றிலிருந்து டீக்கடையில் என்னைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு நிற்காது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஒரு சின்ன ஊர் கிளப்பில் சேர்ந்தார். முதல் வருஷம் பந்தைத் தொட்டதைவிட மூத்த ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்ததுதான் அதிகம். பிறகு டிஃபெண்டர். மழை, சேறு, மணிக்கணக்கில் பஸ் பயணம், ஊர் ஊராக ஆட்டம். பெரிய கிளப் எதுவும் கூப்பிடவில்லை. முட்டி போன பிறகு டெலிவரி வேன் ஓட்டினார். மனைவி இறந்ததும் இங்கே வந்தார். "டிவில வந்தது கம்மி, அடிபட்டது ஜாஸ்தி" என்று நம்ம ஊர்த் தமிழிலேயே சொல்லிச் சிரிப்பார்.

ஆட்டத்தன்று காலையிலேயே கூட்டம். பொன்னாடை, மாலை, மைக். மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் வந்தவர் வேறு ஆளாக இருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஓட்டம் இல்லைதான், ஆனால் பந்து எங்கே வரும் என்பது பந்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. டீக்கடையில் இந்த மனுஷன் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் கீழ்பென்னாத்தூர் டீமின் ஃபார்வர்டு அவரைத் தாண்டிவிட்டான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். இவர் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். உடம்பால் என் பார்வையை மறைத்துக்கொண்டு, அவ்வளவு நேர்த்தியாக. பையன் மண்ணைக் கவ்வினான். வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள்.

விசில் ஊதிவிட்டேன். கோல் போடப் போகிறவனை இப்படி இழுத்தால் சிவப்பு அட்டை; ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். கோட்டுக்கு வெளியே செயலாளர் இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். காட்சி ஆட்டம்தானே, இன்னும் ஒரே நிமிஷம், அவரே போய்விடுவார். நாலு வருஷக் காத்திருப்பு கண் முன்னால் நின்றது. விழுந்த பையன் எழுந்து என்னைப் பார்த்தான். சண்டை போடவில்லை. கார்டு வராது என்று அவனே முடிவு கட்டியிருந்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், திரும்பி நடந்து வெளியே போனார்.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் பாய்ந்து வந்தார். "பொன்னாட போத்துன ஆளுக்கு கார்டா டீச்சர்? மானத்த வாங்கிட்டீங்களே! ரிப்போர்ட்லயாவது அவரு பேர விட்டுடுங்க."

பின்னால் நின்றிருந்த ஸ்காட்லாந்துக்காரர் முன்னால் வந்தார். "பேரை எழுதுங்கள்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். டீக்கடையில் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் வாழ்க்கையில் வென்ற ஒரே கோப்பை. அந்த இறுதி ஆட்டத்தில் இதே மாதிரி ஒரு பையனை இழுத்தாராம். ரெஃப்ரி பார்க்கவில்லை. மெடல் கிடைத்தது. அதை வீட்டுச் சுவரில் மாட்ட அவருக்கு மனசு வரவே இல்லை. "இன்றைக்கும் கை தானாகப் போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள். எழுதுங்கள், டீச்சர்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பேரை முழுசாக, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் தாளை வாங்கிக்கொண்டு, "லீக் பத்தி இனிமே எங்கிட்ட கேக்காதீங்க" என்று போய்விட்டார். நானும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பள்ளியில் இருக்கும்போது போன். அதே செயலாளர், அதே கோபம்.

"என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க? ஒவ்வொரு டீமும் வந்து நீங்கதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. சீஃப் கெஸ்ட்டயே அனுப்புனவங்க, எதிர் டீம சும்மா விட மாட்டாங்கன்னு ஆளாளுக்கு நெனச்சிட்டிருக்கானுங்க."

"அவங்களுக்கும் கார்டு உண்டுன்னு சொல்லிடுங்க சார்" என்றேன்.