சிவனம்மாள் எடுத்த தூர்

நத்தம் பக்கம் சீமைக்கருவை முள்மரத்தை வேரோடு எடுக்க இப்போதெல்லாம் ஜேசிபியைத்தான் கூப்பிடுகிறார்கள். வண்டி நுழையாத இடங்கள் மட்டும் அழகருக்கும் அவர் மனைவி சிவனம்மாளுக்கும் மிஞ்சின. வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே, செப்டிக் டேங்க் ஓரத்தில், கிணற்று மேட்டில். அழகர் கடப்பாரை போட்டு அடிமரத் தூரைத் தோண்டுவார். வெட்டிய முள்ளைக் கவைக்கம்பால் தள்ளி ஒதுக்குவது சிவனம்மாள் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. முள் குத்தாத நாள் கிடையாது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

போன ஆவணியில் அறிவுச்செல்வி டீச்சர் வீட்டு வேலை வந்தது. ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. கொல்லைக் கதவைத் திறக்க முடியாதபடி கருவை அடர்ந்திருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் கைகால் கழுவ உட்கார்ந்த அழகருக்கு வலது செருப்பு கழலவில்லை. சிவனம்மாள் குனிந்து பார்த்தாள். விரல் நீள முள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் ஏறி, இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது.

"என்னய்யா இது, எப்பக் குத்துச்சு?"

"தெரியலையே. வலிக்கவே இல்ல."

"இம்புட்டு முள்ளு ஏறியிருக்கு, வலிக்கலைங்கிற."

"வலிக்காததுக்கு நான் என்ன செய்ய? பிடுங்கு."

பிடுங்கினாள். ரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. காய்த்துப்போன கால், அதனால்தான் வலிக்கவில்லை என்று அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள். சர்க்கரை மாத்திரையை அழகர் சித்திரையிலேயே நிறுத்தியிருந்தார். அதைப் போட்டால் தலை கிறுகிறுக்கிறது, கடப்பாரை பிடிக்க முடியவில்லை என்பார்.

அதே காலோடு இன்னும் ஒரு வாரம் மண்ணில் நின்றார். முள்ளைப் பிடுங்கிய எட்டாம் நாள் சோறு போடும்போது ஒரு வாடை அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று சிவனம்மாள் பானைச் சந்தெல்லாம் தேடினாள். கடைசியில் அவர் காலடியில் வந்து நின்றாள். பாதம் கறுத்திருந்தது.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பொண்ணு கேட்டது: "ஏம்மா, இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"வலிக்கலைன்னு சொன்னாருங்க."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் வார்டில் கிடந்தபோதே டீச்சர் போன் செய்தார். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, சுவரோரம் இன்னும் ஒரு தூர் நிற்கிறது, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானே வாரேன் டீச்சர்," என்றாள் சிவனம்மாள்.

அழகருக்குத் துணையாகத் தன் தங்கையை உட்கார வைத்துவிட்டுப் போனாள். கடப்பாரையை அதுவரை அவள் எடுத்துக் கொடுத்ததோடு சரி. இரண்டு நாள் தோண்டினாள். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்ததும் துணியைச் சுற்றிக்கொண்டு தோண்டினாள். அந்த முள் இந்த மரத்து முள்தானா என்று தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு போடும் அதற்காகத்தான் போட்டாள். ஆணிவேர் சுவருக்கு அடியில் இறங்கிப் போயிருந்தது. இடுப்பளவுக் குழியில் நின்று கோடாரியால் கொத்தியதில் பாதியிலேயே முறிந்தது.

"வேரு உள்ளயே நிக்குது டீச்சர். மழை பெஞ்சா திரும்ப முளைக்கும்."

"பரவாயில்லக்கா. மேல தெரியாம மண்ணைத் தள்ளி மூடிருங்க."

மூடினாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அழகர் கேட்டது அதைத்தான். "ஆணிவேரு முழுசா வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அழகர் அடிக்கடி, வெட்டிய காலின் சுண்டுவிரல் அரிக்கிறது என்பார். அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு நகர்வாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் மிச்சமிருக்கும் பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் பார்க்கிறாள். டாக்டர் சொல்லி அனுப்பியபடி, ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவர் முகத்தைக் கூரை ஓட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"தெரியுதா?"

"தெரியுது."

அவள் இன்னும் தொட்டிருக்க மாட்டாள்.