அயல்நாட்டு மேடையில் ஒரு கூறைப்புடவை

மொழிபெயர்த்துச் சொல்கிறவளுக்கு இரண்டு வாய் உண்டு, இரண்டிலும் அவள் பேச்சு வராது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அமைந்த தொழில் இது. நெசவாளர் வாழ்க்கையை நாவலாகவோ நாடகமாகவோ எழுத ஆரணிக்கு வரும் வெளிநாட்டவர்களைத் தறி வீடுகளுக்கு அழைத்துப் போய், அவர்கள் கேட்பதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் போல இருவருக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டவர்களே, மற்றதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அனுமதி

அப்படி வந்தவர்களில் கிளாரா நல்ல பெண், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடகம் எழுதி இயக்குகிறவள். ஏழைகளின் கதையை எடுத்துக்கொள்ளும் கலைஞனுக்கு என்ன கடமை என்று நிறையப் படித்துவிட்டு வந்திருந்தாள். ஏழுமலை, கஸ்தூரி தம்பதியின் வீட்டில் படியேற அனுமதி கேட்டாள். உட்காரக் கேட்டாள். தறியைப் படமெடுக்க, பாவு நூலைத் தொட, சத்தத்தைப் பதிவு செய்ய, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டாள். நானும் சலிக்காமல் மாற்றிச் சொன்னேன். ஏழுமலை தறிக்குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தம்மா மூச்சு உடறதுக்குக்கூட என்னைக் கேட்டுகினுதான் உடுவாங்க போலக்குதே, டீச்சரம்மா."

நோய்க் கதை

ஏழுமலைக்கு ஒரு வருஷம் மார்ச்சளி முற்றி, ரத்தமாகத் துப்பினார். கஸ்தூரி அவரைக் கண்ணமங்கலம் வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்து தேற்றிவிட்டாள். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டாக்டரிடம் அவர் பொய் சொன்னது, மாத்திரையை வாயில் அடக்கிவைத்துத் துப்பியது, எல்லாம் வேடிக்கையாக வந்தது. கிளாரா சிரிக்கவில்லை. எந்த இடத்தில் அழுதீர்கள் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"அழுவுறதுக்கு எங்கம்மா நேரம்? பஸ்ஸுல அவருக்கு சீட்டு புடிக்கவே சரியாப்பூட்ச்சு."

புடவை

மேடைக்கு ஒரு நிஜப் புடவை வேண்டும், புதிதாக இருக்கக் கூடாது என்றாள் கிளாரா. கஸ்தூரி உள்ளே போய்த் தன் கூறைப்புடவையை எடுத்து வந்தாள். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. மாப்பிள்ளையாகப் போகிற ஏழுமலையே அதைத் தன் தறியில் நெய்து, கட்டி வந்தவளுக்குத் தாலி கட்டியிருந்தார். நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று இருவருக்கும் பெருமை. கால் படாமல் மடித்துவைக்கச் சொல்லுங்கள் என்றாள் கஸ்தூரி, சொன்னேன். ஏழுமலைக்கு வேறு யோசனை.

"நான் நெய்ஞ்சது பிளேன்ல போவுது. எனக்கு வேலூருக்கே நின்னுகினு போற ராசி."

கைப்பேசியில் நாடகம்

சில மாதம் கழித்து நாடகத்தின் பதிவை கிளாரா அனுப்பியிருந்தாள். ஞாயிறு மத்தியானம் தறி ஓரமாக உட்கார்ந்து மூவரும் பார்த்தோம். பேர்களை மாற்றியிருந்தாள். மேடையில் நெசவாளி இருமினார், ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. அரக்குப் புடவைக்காரி விளக்கடியில் நின்று, நெற்றிப் பொட்டைப் புறங்கையால் மெல்ல அழித்தாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. எதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கஸ்தூரி கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தாள். அவள் கை கழுத்துச் சரட்டுக்குப் போனது. கைதட்டல் மட்டும் தரைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

"எப்படிச் செத்தேன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சரம்மா. இருமியா, இல்ல தூக்கத்திலயா?"

கிளாராவின் பதில்

காட்சியை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் புடவையாவது திரும்பி வர வேண்டும். கஸ்தூரி கேட்டது இவ்வளவுதான். தொலைபேசியில் கிளாரா அழுதாள், நிஜமான அழுகை. பேரை மாற்றியதால் அவர்களை யாருக்கும் தெரியாது என்றாள். அந்தச் சாவு இல்லாவிட்டால் நெசவாளியின் வாழ்க்கை தன் ஊர்க்காரர்களுக்கு உறைக்காது என்றாள். இன்னும் பல நகரங்களில் ஆட ஒப்புக்கொண்டாகிவிட்டது, முடிந்ததும் புடவை வரும் என்றாள். அவள் நியாயங்களை ஒன்று விடாமல், அவள் குரலின் நடுக்கம் உட்பட, கஸ்தூரிக்குச் சொன்னேன்.

"பேரை மாத்துனாங்க, சரி. புடவைய மாத்தலியே. அதைக் கட்டவெச்சு எனக்குத் தாலி கட்னவரு இதோ குந்திகினு கீறாரு."

மாற்றுப் புடவை

ஏழுமலை ஒரு வழி கண்டுபிடித்தார். அதே அரக்கு, அதே கரையில் இன்னொன்று நெய்து அனுப்பிவிடலாம், அந்த நடிகை அதைக் கட்டிக்கொண்டு பொட்டழிக்கட்டும், கஸ்தூரியுடையது வீட்டுக்கு வந்துவிடும். யாருக்கும் மனவருத்தம் இருக்காது. கிளாராவிடம் சொல்ல நான் ஆங்கிலத்தில் வாக்கியம்கூடச் சேர்த்துவிட்டேன். கஸ்தூரி எழுந்து வந்து தறிமரத்தின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"ஏன்யா, உன் சாவுக்கு நீயே பாவு போடுவியா?"

உலகம் சுருங்கிவிட்டது என்று வகுப்பில் நானும் சொல்லிக்கொடுத்தவள்தான். எந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்றால், ஏழுமலை ராத்திரி ஏதோ ஒரு நாட்டில் செத்துவிட்டு, விடிந்ததும் ஆரணியில் தறியில் இறங்கி உட்காருகிறார்.