நரி ஜெயித்த காலை

அமெரிக்காவில் எங்கோ விளையாடிக்கொண்டிருந்த ஒரு பேஸ்பால் அணி ஜெயிக்க வேண்டும் என்று, திருப்பூரில் ஒரு பேக்கரி வாசலில் நின்று, என் அம்மா ஆனைமலை மாசாணியம்மனுக்குச் சேலை சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். இதைச் சொன்னால் கல்லூரியில் ஒருவனும் நம்புவதில்லை. அம்மாவுக்கு அந்த விளையாட்டில் பந்து எந்தப் பக்கம் போனால் நல்லது என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த அணியின் மேல் அவளுக்கு இருந்த பக்தி அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்பா, அம்மா, மாமா மூவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பா டெய்லர், அம்மா செக்கிங், அம்மாவின் தம்பியான மாமா கட்டிங் மாஸ்டர். அந்த வருடம் எங்கள் கம்பெனிக்கு நரி முகம் போட்ட நீல டீசர்ட் ஆர்டர் வந்திருந்தது. ஏற்றுமதிக்கு ஆகாமல் கழித்த துணியெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒரு காது இல்லாத நரி, கோணல் வாய் நரி, கழுத்துக்குப் பக்கத்தில் ஏறிப்போன நரி. அம்மா சேலைக்கு மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பாள். “தெனமும் நரி மொகத்துல முழிக்கறோம், நமக்கென்ன கொறைச்சல்!” என்பார் மாமா.

அது ஓர் அணியின் சட்டை என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சூப்பர்வைசர் ஒருநாள் வந்து, நரி அணி அரையிறுதியைத் தாண்டினால் அடுத்த லாட் தைக்க வரும், தோற்றால் மிஷினை மூடிவைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி வீட்டில் பேச்சு மெதுவாக நடந்தது. வேலை இல்லையென்றால் ஊருக்கே போய்விடலாம், தேங்காய் உரிக்கவாவது கூப்பிடுவார்கள் என்றார் அப்பா.

“இவம் படிப்பு?” என்றாள் அம்மா.

“அதப் பொறவு பாத்துக்கலாம்.”

நான் தூங்குவதாக அவர்கள் நினைத்திருந்தார்கள். அப்பா ‘பொறவு பாத்துக்கலாம்’ என்று சொன்ன எதையும் அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை என்பது ஆறாம் வகுப்புப் படித்த எனக்கே தெரியும். மறுநாள் முதல் நானும் நரிக்கட்சி.

சங்கடம் என்னவென்றால், அரையிறுதியில் நரியோடு மோத வந்தது ஆந்தை அணி. ஆந்தை போட்ட சிவப்பு டீசர்ட்டைத் தைத்தது பின்தெருக் கம்பெனி. அங்கே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தது அப்பாவின் தங்கையான என் அத்தை. எங்கள் லைன் வீட்டிலேயே கடைசி வீடு அவளுடையது. அத்தையும் அவள் மகளும் மட்டும்தான். அவர்களுக்கும் அதே பேச்சுதான் சொல்லப்பட்டிருந்தது: தாண்டினால் லாட், தோற்றால் மூடல்.

அமெரிக்காவில் சாயங்காலம் தொடங்குகிற ஆட்டம் நமக்கு விடியற்காலை. ஷிப்டுக்கு முன்னால் இரண்டு கம்பெனி ஆட்களும் முக்குப் பேக்கரியில் டீ குடிக்க வருவார்கள். இந்தப் பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் சிவப்பு. ஆட்டத்தை வீடியோவாகக் காட்டும் அளவுக்கு யாருடைய போனும் இல்லை. ஸ்கோர் மட்டும் ஆங்கிலத்தில் வரும், கூடவே அடிக்க வருகிறவனின் பெயரும் சின்னப் போட்டோவும். நீலத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாமா என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தி, போனைக் கையில் கொடுத்துவிடுவார். சிவப்பில் படித்துச் சொன்னவள் அத்தை மகள். அவள் பத்தாவது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அவள் கடகடவென்று படித்து அர்த்தமும் சொல்லுவாள். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி, அப்படி ஒன்பது சுற்று என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். எதிர்க்கட்சி என்று பார்க்கவில்லை.

பெயர்களை யாராலும் உச்சரிக்க முடியவில்லை. ஆகவே போட்டோவைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். தாடிக்காரன், சுளிமூக்கன், குண்டன். “குண்டன் வந்துட்டானாடா கண்ணு?” என்று அயனிங் போடும் தாத்தா கேட்பார், ஏதோ சொந்தக்காரன் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டியவன் மாதிரி.

வாய்ச்சண்டைக்குக் குறைவே இல்லை.

“ஏனுங்கண்ணி, உங்க நரி நேத்து வாலச் சுருட்டிக்கிச்சாமா?” என்பாள் அத்தை.

“ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாது அம்மணி, பொழுது விடியட்டும்” என்பாள் அம்மா.

“மாப்ள, நீயாச்சும் எங்க பக்கம் வந்துரு. பொண்ணு தாரேன்” என்று அத்தை என்னை இழுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தை மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “மொதல்ல ஒழுங்காப் படிக்கச் சொல்லும்மா அவன” என்பாள்.

அரையிறுதி என்பது ஒரே ஆட்டம் இல்லை, ஏழு ஆட்டம். இரண்டு அணிகளும் மாறி மாறி ஜெயித்துக் கடைசி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. அதற்குள் சிரிப்பு குறைந்துவிட்டது. அம்மாவும் அத்தையும் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது பார்த்துப் பேசுவது நின்றுபோனது. அப்பா மட்டும் இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பீடியை நாள் முழுக்கப் பற்றவைத்துப் பற்றவைத்துக் கீழே போட்டதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் நான் பல் விளக்காமலேயே பெஞ்சில் ஏறிவிட்டேன். கடைசிச் சுற்று வந்தபோது நரி ஒரு ஓட்டம் பின்னால் இருந்தது. ஷிப்ட் மணி அடிக்கப் போகிறது, ஒருவரும் நகரவில்லை. அப்போது மாமாவுக்கு எதுவோ ஞாபகம் வந்தது. அந்த ஊர் ரசிகர்கள் தங்கள் அணி தோற்கும் நிலையில் இருந்தால் தொப்பியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார்களாம். எதிலோ பார்த்திருக்கிறார்.

“தொப்பிக்கு எங்க போறது? சட்டையத் திருப்புங்கப்பா!”

சொன்னவர் நடுத்தெருவிலேயே டீசர்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டார். ஆண்கள் எல்லோரும் கழற்றினார்கள். பெண்கள் பேக்கரிக்குப் பின்னால் ஓடி, சேலைக்கு மேல் போட்டிருந்ததைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். தையல் பிசிறும் நூலும் தொங்க, நரி முகம் நெஞ்சுப் பக்கம் ஒளிந்துகொள்ள, ஒரு கூட்டமே நின்றது. அப்பா யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் திருப்பிப் போட்டார்.

“அண்ணா! நீயுமா?” என்று அத்தை கத்தினாள். அது கிண்டல் மாதிரி இல்லை.

நரிக்கு இரண்டு பேர் அவுட். ஒரு ஆள் மட்டும் பாதி வழியில் நிற்கிறான். குண்டன் அடிக்க வருகிறான் என்று படித்தேன். அதற்குப் பிறகு போன் நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “என்னாச்சு கண்ணு, என்னாச்சு?” என்று நாலா பக்கமும் கைகள் என் காலைப் பிடித்து உலுக்கின. எனக்கு எழுத்தெல்லாம் மறந்துபோயிற்று. தேங்காய் மட்டையும் அப்பாவின் ‘பொறவு’ம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. எதிர்ப்பக்கம் பார்த்தேன். அத்தை மகளின் போன் எப்போதும் முந்திக்கொள்ளும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புச் சட்டைக்காரர்கள் “சொல்லு அம்மணி, சொல்லு” என்றார்கள். அவள் போனை மெல்ல அத்தையின் கையில் கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் என் போனில் வந்தது. குண்டன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டான், பாதி வழியில் நின்றவனோடு சேர்த்து இரண்டு ஓட்டம். நரி ஜெயித்துவிட்டது.

மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அயனிங் தாத்தா என் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்தார். நான் தோளிலிருந்து எதிர்ப்பக்கம் பார்த்து, “ஆந்தை அவுட்டு!” என்று கத்தினேன்.

அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். போனால் கிண்டலுக்குப் பதில் கிண்டல் வரும் என்று தயங்கித்தான் போனேன். அவள் சிரித்தபடி என் தலையைத் தடவி, “நீ படிச்சுச் சொன்னதுலதான் கண்ணு செயிச்சாங்க” என்றாள். சுவரில் மாட்டியிருந்த, தன் மகளின் பச்சை நிறப் பள்ளிக்கூடப் பையை எடுத்து என் தோளில் மாட்டினாள். அந்த வருடம் வாங்கிய பை. ஜிப் ஒன்றும் அறவில்லை.

“அவளுக்கு?”

“அவளுக்கு இனி எதுக்குங் கண்ணு?”

அத்தை மகள் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “உள்ள காம்பஸ் பாக்ஸும் இருக்குது, தொலச்சுப்போடாத” என்றாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறவர்கள் கையில் ஒற்றை நோட்டு மட்டும் வைத்துக்கொண்டு போவதை நான் பார்த்திருந்தேன். பெரிய வகுப்பு வந்துவிட்டால் பை தேவைப்படாது போலிருக்கிறது, அவளும் இனி அப்படித்தான் ஸ்டைலாகப் போவாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஓடிவந்து, “ஜெயிச்சதுக்கு அத்தை பரிசு குடுத்துச்சு” என்று காட்டினேன். அம்மா பையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். கேட்காமல் கொள்ளாமல் வாங்கிவிட்டேன் என்று கோபம் போலிருக்கிறது என்று, நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் விடியற்காலையில், நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் வண்டி வந்து முக்கில் நின்றது. ஏற்கனவே பெண்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மகள் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பள்ளிக்கூடம் போகாமல் வண்டியில் சுற்றக் கிடைத்திருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பச்சைப் பையை மாட்டிக்கொண்டு வண்டி திரும்பும் வரை கையாட்டினேன்.

எங்கள் அடுத்த லாட் வந்தது, அப்பாவின் மிஷின் ஓடியது, நாங்கள் ஊருக்குப் போகவில்லை. இப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பத்தாவது பரீட்சை எழுதிய முதல் ஆள் நான்தான் என்று மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அத்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் சொல்ல மாட்டார்.