கொலுவில் ஒரு செக் ஊர்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் நான் வைத்த முதல் கொலுவுக்கு ஏழே பொம்மைகள். தொண்ணூறுகளில் பெட்டிக்குள் அவ்வளவுதான் கொண்டுவர முடிந்தது. மிச்ச இடத்தைப் பார்க் கட்டி நிரப்ப உட்கார்ந்தேன். எதிர் ஃபிளாட்டுக்காரி செக் நாட்டவள், என் வயது. என்னைப் போலவே கணவன் விசாவில் வந்து, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தாள். "நான் என் ஊரைக் கட்டட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் ஊர் செஸ்கி கிரும்லோவ். அலுமினியத் தாளைக் கிழித்து, ஊரைச் சுற்றி ஆற்றை வளைத்தாள். ஓட்ஸ் டப்பாவுக்கு வண்ணம் அடித்தால் கோட்டைக் கோபுரம். ரோஜாவைச் சின்னமாகக் கொண்ட பிரபுக்கள் ஆண்ட கோட்டையாம், அவர்கள் வம்சம் முடிந்ததும் பல கை மாறியதாம். அகழியில் தண்ணீருக்குப் பதில் கரடி வளர்க்கிறார்கள் என்றபோது நான் நம்பவில்லை. மறுநாளே இரண்டு கரடிப் பொம்மைகளை வாங்கி வந்து அகழியில் இறக்கிவிட்டாள். ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், நாவிதர் பாலம், கடைசியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி. அது அவள் வீடு.

வெற்றிலை பாக்குக்கு வந்த ஆன்ட்டி ஒருவர், "இது எந்த ஊர் கோபுரம்மா, கும்பகோணமா?" என்றார். என் பட்டுப்புடவையில் நின்றிருந்த அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

விஜயதசமி வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் அவளும் கணவனும் டெக்ஸஸுக்குக் குடிபோவதாக இருந்தது. "ஊரையே மறந்துட்டேன்னு அம்மாவுக்குக் கோபம். ஒவ்வொரு கடிதத்துலயும் அதே புலம்பல். காலையில கேமராவோட வரேன். இதைப் படம் எடுத்து அனுப்பினா நம்புவாங்க" என்றாள். தலையாட்டினேன். ஆரத்தி எடுத்து, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்கவைத்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்குள் கொலுவை எடுத்துவைத்துவிட வேண்டுமென்று எட்டுக்கே ஆரம்பித்தேன்.

"ராகு காலம் எந்த டைம் ஸோன்ல? கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணேன்" என்றார் கணவர்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அதே வேகத்தில் ஆற்றைக் கசக்கினேன், கோபுரத்தை நசுக்கினேன், எல்லாவற்றையும் கீழே குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். கேமரா ஞாபகமே இல்லை.

ஒன்பதரைக்கு அவள் வந்தாள், கழுத்தில் கேமராவோடு. வாசலில் சாமான் ஏற்றும் லாரி நின்றுகொண்டிருந்தது. "ஒரு மணி நேரத்துல திரும்பக் கட்டிடலாம்" என்று கெஞ்சினேன். நேரமில்லை என்று தலையசைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கார்ப்பெட்டில் கிடந்த தீப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு அவளைப் பற்றித் தகவலே இல்லை.

அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, இப்போதும். என் கொலுவில் அந்த ஊர் வருஷம் தவறாமல் எழும்புகிறது, கரடிகளோடு. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறேன். பொம்மையைப் படுக்கவைக்கும் முன் மறக்காமல் படம் எடுக்கிறேன். அவள் அம்மாவின் விலாசத்தைத்தான் அன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.