ஐயாவுக்கு இரண்டு இங்கிலீசுச் சொற்கள்

சூரிய கிரகணத்தன்று உருத்திரபுரத்தில் எல்லோரும் மஞ்சள் தண்ணீரில் சூரியனைப் பார்த்தார்கள். என்னைப் பெற்ற ஐயா மட்டும் அண்ணாந்து நேராகவே பார்த்தார். காடு வெட்டி வயலாக்கிய மனிதருக்குச் சூரியன் எம்மாத்திரம்!

அதன்பிறகு எதை நேராகப் பார்த்தாலும் அவருக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஓரங்கள் மட்டும் தெரிந்தன. சோற்றைப் பார்க்க வேண்டுமென்றால் சாப்பாட்டுக் கோப்பைக்கு வெளியே பார்ப்பார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"கதைக்கேக்கை முகத்தைப் பாருங்கோவன்" என்று சினப்பார்.

மாரி மழையோடு வரும் காலபோக நெல் விதைப்பு நெருங்கியது. கண் சரிவராவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்று வீட்டில் கதை.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த கண் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆறாம் வகுப்பில் இங்கிலீசு படித்துக்கொண்டிருந்த என்னை ஐயா கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் சொற்களைத் தேடினேன். நேர்ப்பார்வைக்கும் கடைக்கண் பார்வைக்கும் இங்கிலீசுக்கு எங்கே போவேன்? எங்கள் பாடப்புத்தகத்தில் பூனை பாயில் இருந்ததே தவிர, யாரும் யாரையும் கடைக்கண்ணால் பார்க்கவில்லை.

டொக்டரின் முன்னால் எழும்பிப் போய் ஐயாவுக்கு நேரெதிரே நின்றேன்.

"மை ஃபேஸ், நோ சீ."

பிறகு ஒரு எட்டு விலகி நின்றேன்.

"நவ், சீ."

டொக்டர் சிரித்தார். முன்னால் கைகாட்டி "சென்ட்ரல்" என்றார். பக்கமாகக் காட்டி "பெரிஃபரல்" என்றார். ஐயாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். கடைசியில் ஏதோ நீளமாகச் சொல்லி, ஐயாவின் தோளில் கை வைத்தார்.

"என்னவாம், பிள்ளை?" என்று ஐயா கேட்டார்.

எனக்கு விளங்கியது இரண்டு சொற்கள்தான்.

"பெரிஃபரல் நல்லாயிருக்காம், ஐயா."

"மற்றது சுகம் வருமாமோ?"

"அதுக்குப் பேர் சென்ட்ரல், ஐயா."

தோளில் கை விழுந்தபோதே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "இருக்கிறது காணும், பிள்ளை. விதைக்கலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் என்னை யன்னலோரம் இருத்தினார். மறந்துவிடக் கூடாதென்று இரண்டு சொற்களையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை? இல்லை. என் தலைக்குப் பக்கத்தால் வெளியே காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. கிளிநொச்சி வரும்வரை கோபத்தில் முன் இருக்கையை உதைத்துக்கொண்டு வந்தேன்.

டொக்டருக்கே செய்து காட்டியவள் நான். அப்படியிருந்தும், காட்டுப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு ஐயா வழி முழுவதும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.