இங்கிலீஷில் இல்லாத சொல்

வலது காதை மிஸ்ஸியம்மா பக்கம் சாய்த்து, பார்வையை நோயாளியின் வாய்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார் விருத்தாசலம். ஒருத்தர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார். "நாக்க நீட்டு. வவுறு எரியுதா? எத்தினி நாளா?" மூன்றும் ஒரே மூச்சில் வரும். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு மிஷன் மருந்துச்சாலையில் அவர் துபாஷி. மெட்ரிக் தேறியவர். சலவை ஜிப்பா, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். தம் இங்கிலீஷில் ஒரு சொல்கூட வீணாகாது என்பது அவர் பெருமை.

நர்ஸ் மிஸ்ஸியம்மாவுக்குச் சொந்த தேசம் சுவீடன். இங்கிலீஷ் அவருக்கும் படித்து வந்ததுதான். பேச்சு நடுவே சொந்த பாஷைச் சொல் ஏதாவது நழுவி விழும். மருந்தை அளக்கையில் 'லாகோம்' என்பார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கு இங்கிலீஷில் நேர்ச்சொல் கிடையாதாம். 'அளவா' என்று விருத்தாசலம் நோட்டில் எழுதிக்கொண்டார். பொம்மையார்பாளையத்துக் கடலில் நிலா வெளிச்சம் பாதை போட்டதைப் பார்த்து மிஸ்ஸியம்மா 'மோன்காத்தா' என்றார். அதற்குத் தமிழிலும் ஒற்றைச் சொல் அகப்படவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

கெங்கம்மாள் மருந்துச்சாலையில் துணி துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். ஓமந்தூர்ப் பக்கத்துச் சேரி. புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த அன்று, மிஸ்ஸியம்மா ஒரு மூட்டைப் போர்வையைக் காட்டினார். கெங்கம்மாள் சுவரைப் பிடித்தபடி, "முடியலைங்க" என்றாள்.

அவளால் முடியாதாம் என்று இங்கிலீஷில் சொன்னார் விருத்தாசலம். காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே, ஏன் முடியாது என்றார் மிஸ்ஸியம்மா. வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவளைத் திரும்பக் கேட்க விருத்தாசலத்துக்குப் பொறுமை இல்லை. "செய்ய மாட்டாளாம்" என்று சொல்லி முடித்தார். சுருக்கமாக, அழகாக இருந்தது அந்த இங்கிலீஷ். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மாசியில் ஊரில் வாந்திபேதி கண்டது. மூன்று நாள் உட்காராமல் பார்த்த மிஸ்ஸியம்மா, நாலாம் நாள் நடுப்பகலில் மேஜைமேல் தலையைச் சாய்த்து, "ஓர்க்கார் இந்தே" என்றார். விருத்தாசலம் ஆசையாய் நோட்டை எடுத்தார்.

"இதற்கும் இங்கிலீஷில் சொல் இல்லை," என்றார் மிஸ்ஸியம்மா, கண்ணைத் திறக்காமல். "தெரியாது என்பதில்லை. மாட்டேன் என்பதும் இல்லை. மனசு இருக்கிறது. உடம்பில் மிச்சம் ஒன்றும் இல்லை."

பென்சில் அப்படியே நின்றது. தமிழில் அதற்குச் சொல் உண்டு. அதைச் சொன்னவளையும் அவருக்குத் தெரியும். நாலு நாள் நோயாளிகளின் முகத்தைப் பார்க்காமலே பேச்சை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், அன்று கெங்கம்மாள் சொன்னதும் அதே சொல்தான் என்று மிஸ்ஸியம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர், "போய்க் கூட்டி வாருங்கள்" என்றார்.

சேரியில் விசாரித்துக்கொண்டு போனபோது, விழுப்புரம் ஜங்ஷனில், எஞ்சின் கொட்டிய சாம்பலில் கரித்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள் கெங்கம்மாள். அவரைக் கண்டதும் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வாங்க சாமி! அன்னிக்கு எனக்காவ அந்தம்மாகிட்ட எப்படி இங்கிலீஷ்ல மல்லுக்கு நின்னீங்க. நாந்தான் பாத்துக்கினே இருந்தனே. எங்க ஜனங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு திரியறேன்."

ரயிலில் வரும்போது அடுக்கி வைத்திருந்த பேச்சு ஒன்றும் அவருக்கு உதவவில்லை.

"உனக்காகப் பேசலம்மா," என்றார். "நீ முடியலன்ன. நான் செய்ய மாட்டாளாம்னு சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த கரித்துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். உன்னைக் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க."

"வந்தா," என்றாள் கெங்கம்மாள் மெதுவாக, "அங்க எனக்கு நீங்கதானே பேசணும்?"

விருத்தாசலம் அங்கவஸ்திரத்தின் நுனியை எடுத்து, சேரி ஜனங்கள் தம் எதிரே நிற்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சாம்பல் மேட்டில் அவள் முன்னால் நின்றார்.