கேஷானி பையை இறக்கிய காலை

கேஷானியின் கை கனமான கை. கஹவத்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஒன்பது வயதிலிருந்து பீலித் தண்ணீரை இரண்டு வாளிகளில் பிடித்து நாற்பத்திரண்டு படி ஏறி லயத்து வீட்டுக்குக் கொண்டு வந்த கை. அது கன்னத்தில் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்பது இரத்தினபுரிப் பயிற்சி வீட்டில் இருந்த இருபத்தொரு பேருக்கும் தெரியும்.

அறைவதுதான் அங்கே பயிற்சி. வீடு வீடாகப் போய்ச் சமையல் பாத்திர செட் விற்கும் கம்பனி அது. ஏ.எல். முடித்தவர்களுக்குத் தொண்ணூறு நாள் பயிற்சி, முடித்தால் உதவி முகாமையாளர் நியமனக் கடிதம் என்று பஸ் நிலையத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். காலை ஆறரைக்கு ஹோலில் ஸ்பீக்கர் அலறும். கைதட்டல், குதிப்பு, 'நான் வெல்வேன்' என்று மூன்று மொழியிலும் கூச்சல். அது முடிந்ததும் ஒன்பது கிலோ டெமோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். முந்தின நாள் விற்றவர்கள் ஒரு பக்கம், விற்காதவர்கள் எதிர்ப்பக்கம். தினமும் சில ஜோடிகளை முன்னே கூப்பிடுவார்கள்; விற்றவர் விற்காதவரை அறைய வேண்டும். மெதுவாக அறைந்தால் இரண்டு பேருக்கும் பி.வி.சி. பைப்.

பைப் வைத்திருந்தவர் பயிற்சி மெனேஜர் கிருஷ்ணராஜ். கறுப்புக் காற்சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து. அவரும் லயத்தில் பிறந்தவர்தான்; அதைத் தினமும் ஒரு தடவை சொல்லிக்கொள்வார்.

"நம்ம ஆளுகளுக்குத் தோலு ரொம்ப மெல்லிசு. எவனாவது கதவ மூஞ்சில சாத்துனா அழுதுகிட்டே வந்துருவீங்க. இங்க தோல் தடிக்கணும். நான் வாங்காத அடியா? இப்ப பாருங்க, கார்ல போறேன்."

முதல் பத்து நாளில் கேஷானி ஆறு தடவை அறை வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, உதடு கிழிந்ததைப் பார்த்துக் கேட்டவர்களிடம் பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றாள். பதினோராம் நாள், பெல்மதுளையில் ஒரு சிங்கள ஆசிரியையிடம் அழகான சிங்களத்தில் பேசி முதல் செட்டை விற்றாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் மற்ற வரிசைக்கு மாறினாள். அதற்குப் பிறகு அவள் அடி வாங்கவில்லை. அடித்தாள். எண்பத்து மூன்றாம் நாளோடு பதினான்கு அறை. அடித்த நாளும் ஆளும் அவளுக்கு மனப்பாடம். முதல் இரண்டு தடவை குளியலறையில் போய் அழுதாள். மூன்றாம் தடவையிலிருந்து அழுகை வரவில்லை. 'கை வாகாக விழுந்தது' என்று ஒரு நாள் நினைத்தும் விட்டாள்.

எல்லாம் அந்தக் கடிதத்துக்காக. அவர்கள் லயத்தில் பெயரும் பதவியும் அச்சடித்த கடிதம் யாருக்கும் வந்ததில்லை. அப்பா செல்லத்துரை, "மக மெனேஜரா வரப்போறா" என்று, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

எண்பத்து மூன்றாம் நாள் காலை எதிரே வந்து நின்றவள் ஷாமிளா. மாவனல்லைக்காரி, கேஷானியோடு ஒரே பாயில் படுப்பவள். மூன்று நாளாகக் காய்ச்சல், ஒரு செட்டும் போகவில்லை.

"ஒண்ட கை எண்டா பல்லு தானாக் கழண்டிடும்டி. கொஞ்சம் பாத்து" என்று ஷாமிளா கண்ணடித்தாள்.

கிருஷ்ணராஜ் பைப்பால் தரையைத் தட்டினார். பைப்புக்குப் பயந்து கேஷானி ஓங்கி விட்டாள். உள்ளங்கை குவிந்து இடது காதை மூடி விழுந்தது. ஷாமிளா கதிரையில் மோதிக் கீழே சரிந்தாள். சாயந்திரம் தலையணையில் இரத்தமும் நீருமாகக் கறை.

"காதுக்குள்ள வண்டொண்டு ஈக்கிற மாதிரி ஈக்குது" என்றாள் ஷாமிளா.

"வா, டொக்டர்கிட்டப் போவோம்."

"போனா லீவு. லீவெண்டா கடிதம் இல்ல. ஏழு நாள் தானே? பொறகு காட்டுவம்."

மறுநாள் காலையும் அவளுக்கு அதே வரிசை. காதை மூடியிருந்த சால்வையின் ஓரம் இரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"அதே ஜோடி. அதே காது" என்றார் கிருஷ்ணராஜ்.

"சேர், காதுல ரத்தம் வருது."

"அப்ப இன்னும் சரியாத் தொறக்கல. கஸ்டமர் சொல்றது கேக்கணுமா வேணாமா?" இரண்டொருவர் சிரித்தார்கள். "அறைங்க கேஷானி. ஒங்க கடிதம் டைப் அடிச்சு என் மேசையில கெடக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

கேஷானி ஷாமிளாவைப் பார்த்தாள். ஷாமிளா கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கன்னத்தைக் காட்டக் கொஞ்சம் திரும்பினாள்.

கேஷானி தோளிலிருந்து பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் கணக்கப்பிள்ளை யாரையாவது கைநீட்டி அடித்துவிட்டால் கொழுந்து பறிக்கிறவர்கள் கத்துவதில்லை, சங்கத்துக்கு ஓடுவதுமில்லை. நின்ற இடத்திலேயே கூடையை இறக்கி வைப்பார்கள். அடித்தவர் மலையை விட்டு இறங்கும் வரை ஒரு கூடையும் மேலே ஏறாது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இது சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத சங்கதி.

கிருஷ்ணராஜுக்கும் தேவைப்படவில்லை. அவர் முகம் செத்துப் போயிற்று.

"தூக்குடி."

"நீங்க எறங்குங்க சேர். அப்புறம் தூக்குறேன்."

"இது மலை இல்லடி!"

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க அவள் வலது கையை உயர்த்தினாள். காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி முறிவது போல ஒரு சத்தம் ஹோலில் எல்லாருக்கும் கேட்டது. மூன்றாவது முதுகில். அவள் முழங்காலில் விழுந்தாள். பையை மட்டும் தொடவில்லை.

அப்போது கடைசியில் நின்ற பஞ்சவர்ணம், புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, தன் பையை இறக்கினாள். அடுத்து இன்னொரு பை. தோட்டம் தெரியாத சிங்களப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு இறக்கினார்கள். கிருஷ்ணராஜ் வரிசையோடு ஓடி ஓடி அடித்தார். பஞ்சவர்ணத்தின் புருவம் பிளந்தது. ஒருவன் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. ஐந்தாவது ஆளிடம் போனபோது யாரோ பைப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வழக்கம் என்று சொல்ல முடியாது. எண்பத்து நான்கு நாளும் ஒரே நேரத்தில் அவர் மேல் விழுந்தன. வெள்ளைச் சட்டை கிழிந்தது. பாத்திர மூடியால் அடித்தார்கள், உதைத்தார்கள். "போதும், செத்துருவாரு" என்று பஞ்சவர்ணம்தான் அலறினாள். கேஷானி தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு மனமும் வரவில்லை. இடது கையால் ஷாமிளாவை இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்த் த்ரீவீலரை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் கேஷானிக்கு முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஷாமிளாவின் செவிப்பறை கிழிந்திருந்தது.

அடுத்த நாள் பகல் பார்வையாளர் நேரத்தில் கிருஷ்ணராஜ் வார்டுக்கு வந்தார். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார். கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருந்தன. கேஷானி இரண்டு தடவை வாசித்தாள். பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"ரெண்டு பேரும் மாடிப்படியில விழுந்தோம்னு சொல்லுங்க. ஷாமிளாவுக்கும் ஒரு கடிதம் வரும்."

"இல்லாட்டி?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காத ஒடச்சது யாரு? நானா? என் வெரல் அவ மேல பட்டிருக்கா? பொலிஸுக்குப் போனீங்கன்னா மொதப் பேரு ஒங்க பேருதான், தங்கச்சி."

அதில் பொய் இல்லை. அதுதான் கேஷானியைக் குத்தியது. பக்கத்துக் கட்டிலில் ஷாமிளாவின் தாய் மரியம் மகளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கேஷானிக்கும் இரண்டு சுளை ஊட்டியிருந்தார். 'எண்ட புள்ளயக் காப்பாத்தினவ' என்று வார்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

கேஷானி கடிதத்தைக் கிருஷ்ணராஜ் பக்கமாகத் தள்ளினாள். எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"உம்மா, ஷாமிளா காதுல அடிச்சது நான்."

மரியம் மகளைப் பார்த்தார். ஷாமிளா தலையைக் குனிந்துகொண்டாள். தோடம்பழம் தரையில் உருண்டது. அந்த அம்மா எழுந்து, வார்டே திரும்பிப் பார்க்க, கேஷானியின் கன்னத்தில் ஒன்று விட்டார். ஒன்று போதவில்லை; இன்னொன்று. கேஷானி முகத்தைத் திருப்பவில்லை.

"போ. எண்ட கண்ணுக்கு முன்னால நிக்க வேணாம்."

அவள் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிப் பொலிஸ் அறைக்குத்தான் போனாள். கிருஷ்ணராஜ் நடைபாதை முழுக்க, "தங்கச்சி, யோசிச்சுப் பாருங்க, அப்பாவ யோசிங்க" என்று பின்னாலேயே வந்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார், அவள் சிங்களத்தில் சொன்னாள். தான் அடித்த பதினான்கையும் முதலில் சொன்னாள், ஒவ்வொன்றும் எந்தத் திகதி, யாரை என்று. ஆறாவதில் சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார்.

"நங்கி, இது உங்களுக்கே வழக்காகும். இந்தப் பகுதியை விட்டுவிடுவோமா?"

"அதை விட்டால் அவர் சொல்வதுதான் உண்மையாகும் மஹத்தயா. எழுதுங்கள்."

நான்கு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டிவிட்டு, அவளுடைய மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார்.

"இடது பெருவிரலை வையுங்கள், போதும்."

"கைநாட்டு வேண்டாம். நான் ஏ.எல். படித்தவள்."

இடது கையில் பேனையைப் பிடித்து, நான்கு பக்கத்திலும் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அதற்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. சார்ஜன்ட் காத்திருந்தார்.